டச்சுக்காரர் ஆங்கிலம் கற்கையில்: இலக்கணம் இடறும் இடங்கள்

டச்சும் ஆங்கிலமும் மேற்கு ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழிகள். ஜெர்மன் மொழியின் மெய்யொலிகளைப் புரட்டிப்போட்ட ஒலிமாற்றம் இவ்விரண்டையும் தொடவில்லை. ஜெர்மானியர் 'வாஸர்' என்னும் தண்ணீர் டச்சில் 'வாடர்', ஆங்கிலத்தில் 'வாட்டர்'. அவர்களின் 'அப்ஃபெல்' இங்கே 'அப்பல்', அங்கே 'ஆப்பிள்'. நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸிலும் தென்னமெரிக்காவின் சுரிநாமிலுமாக ஏறத்தாழ 2.4 கோடிப் பேர் டச்சு பேசுகிறார்கள். நெதர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் 1986 முதல் ஆங்கிலம் கட்டாயப் பாடம். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் மாற்றும் வழக்கம் இல்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் தவிர மற்றவை மூலக்குரலோடும் எழுத்து மொழிபெயர்ப்போடும்தான் ஓடுகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாடுகளின் ஆங்கிலத் திறனை ஒப்பிடும் இஎஃப் குறியீட்டுப் பட்டியலில் 2019 முதல் 2024 வரை நெதர்லாந்தே முதலிடத்தில் இருந்தது.

இவ்வளவு சாதகங்கள் இருந்தும் டச்சுக்காரரின் ஆங்கிலத்தில் சில பிழைகள் பல்கலைக்கழகப் படிப்பு வரை விடாமல் தொடர்கின்றன. அவை மொழிகள் விலகி நிற்கும் இடங்களில் பிறப்பவை அல்ல. இரு மொழியிலும் ஒரே தோற்றத்தில் இருந்துகொண்டு வேறு வேறு வேலை செய்யும் வடிவங்களில்தான் அவை பெரும்பாலும் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை மாணவர் சில ஆண்டுகளில் கடந்துவிடுகிறார்; ஒற்றுமைக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடு அவர் கண்ணில் படுவதே இல்லை.

முதலில், தெரியும் வேறுபாடுகள். டச்சின் முதன்மை வாக்கியத்தில் காலம் காட்டும் வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. முதலிடத்தில் எழுவாய் வரலாம், காலச்சொல் வரலாம், செயப்படுபொருளும் வரலாம். எழுவாய் அல்லாத ஒன்று அங்கே வந்தால் எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும். 'நேற்று நான் வீட்டுக்குப் போனேன்' என்பதை டச்சுக்காரர் 'ஹிஸ்டரன் ஹிங் இக் நார் ஹாய்ஸ்' என்பார். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நேற்று போனேன் நான் வீட்டுக்கு' என்ற வரிசை. அதே அச்சில் ஆங்கிலத்தை வார்க்கும் தொடக்கநிலை மாணவர் 'யெஸ்டர்டே வென்ட் ஐ ஹோம்' என்கிறார். ஆங்கிலத்திலோ காலச்சொல் முன்னால் வந்தாலும் எழுவாய் வினைக்கு முன்னரே நிற்க வேண்டும்: 'யெஸ்டர்டே ஐ வென்ட் ஹோம்'.

இந்த வரிசை ஆங்கிலத்துக்கு அந்நியமானதும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இதே அமைப்பு பரவலாக வழங்கியது. இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் மெல்லத் தேய்ந்தது. இன்றும் 'நெவர் ஹேவ் ஐ சீன்', 'ஸோ டூ ஐ', 'ஹியர் கம்ஸ் த பஸ்' போன்ற தொடர்களில் அதன் எச்சம் இருக்கிறது. எச்சம் இருப்பதே மாணவருக்குத் தொல்லை. விதியை அறவே மறந்துவிடச் சொல்ல முடியாது. எங்கெங்கே மறக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

துணை வாக்கியத்தில் டச்சு வினை கடைசிக்குப் போகிறது. 'அவன் நோயுற்றிருப்பதால்' என்பது 'ஓம்டட் ஹெய் ஸீக் இஸ்'. வினையாகிய 'இஸ்' முடிவில். வினையை இறுதியில் வைத்தே பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வரிசை இயல்பாகத் தோன்றும். ஆங்கிலம் கற்கும் டச்சுக்காரர் இதை விரைவில் கைவிட்டுவிடுகிறார். தாய்மொழியின் இந்த வரிசையால் அவருக்கு ஒரு நன்மையும் உண்டு. 'அவன் எங்கே வசிக்கிறான் என்று எனக்குத் தெரியாது' என்பதில் உள்ளடங்கிய கேள்வி டச்சில் 'வார் ஹெய் வோன்ட்' என எழுவாய் முன்னும் வினை பின்னுமாக அமைகிறது. ஆங்கிலத்தின் 'வேர் ஹி லிவ்ஸ்' என்ற வரிசையும் அதுவே. வேறு பல மொழியினரைத் திணறடிக்கும் இந்த அமைப்பு டச்சுக்காரருக்குத் தானாகவே சரியாக வந்துவிடுகிறது.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் வேறு சொல்லை நுழைப்பது இதைவிடப் பிடிவாதமான பழக்கம். 'அவன் ஆங்கிலம் மிக நன்றாகப் பேசுகிறான்' என்பதை 'ஹெய் ஸ்ப்ரேக்ட் ஹேல் ஹூட் எங்கல்ஸ்' என்பது டச்சு. அதிலிருந்து 'ஹி ஸ்பீக்ஸ் வெரி வெல் இங்கிலீஷ்' பிறக்கிறது. ஆங்கிலம் வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்க விடாது. வினையடைகளின் வரிசையும் மாறுகிறது. டச்சு காலத்தை முன்னே சொல்லி, விதத்தையும் இடத்தையும் பின்னே சொல்லும். ஆங்கிலம் பெரும்பாலும் காலத்தைக் கடைசியில் வைக்கும். 'ஐ கோ டுமாரோ வித் த டிரெய்ன் டு ஆம்ஸ்டர்டாம்' என்ற வாக்கியத்தின் சொற்கள் ஆங்கிலம், வரிசை முழுக்க டச்சு.

கேள்விக்கும் மறுப்புக்கும் ஆங்கிலம் 'டூ' என்ற துணைவினையைக் கூப்பிடுகிறது. டச்சில் அப்படி ஒன்று இல்லை. வினையை முன்னே இழுத்தால் கேள்வி, 'நீட்' சேர்த்தால் மறுப்பு. எனவே தொடக்கத்தில் 'வாட் மீன்ஸ் திஸ்?', 'ஐ நோ நாட்' போன்ற வாக்கியங்கள் வரும். ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது. 'டூ' பரவலானது 16ஆம் நூற்றாண்டில். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில் 'டூ' இல்லாத மறுப்புகள் நிறைய உண்டு. பள்ளியில் ஓயாமல் பயிற்சி தரப்படும் பகுதி என்பதால் இந்தப் பிழை சீக்கிரம் மறைகிறது. இடையில் சில காலம் 'டிட் ஹி வென்ட்?' என இறந்தகாலத்தை இருமுறை குறிக்கும் வழக்கம் தலைகாட்டிப் போகும்.

காலமும் வினைவடிவமும்தான் உண்மையான சிக்கல் இருக்கும் இடம். 'ஹேவ்' என்னும் துணைவினையோடு எச்சவடிவத்தைச் சேர்க்கும் பெர்ஃபெக்ட் அமைப்பு இரு மொழியிலும் உண்டு, தோற்றமும் ஒன்றே. டச்சின் 'இக் ஹெப் ஹெஸீன்' என்பதும் ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் சீன்' என்பதும் உறுப்புக்கு உறுப்பு பொருந்துகின்றன. வேலைதான் வேறு. முடிந்துபோன எந்த நிகழ்ச்சியையும் டச்சு இந்த வடிவத்தால் சொல்லும். நேற்று, போன வாரம், 1995இல் என்று காலத்தைக் குறித்துவிட்டாலும் தடையில்லை. பேச்சு டச்சில் தனித்த ஒரு கடந்தகாலச் செய்தியைச் சொல்ல இதுவே இயல்பான வடிவம். எளிய இறந்தகாலம் கதை விவரிக்கவும் பின்னணி தீட்டவும் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் பெர்ஃபெக்ட் வடிவம் நிகழ்காலத்தோடு கட்டப்பட்டது. முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் வந்துவிட்டால் அதற்கு அங்கே இடமில்லை. ஆகையால் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். டச்சுக்காரர் ஆங்கிலத்தில் எழுதும் பிழைகளில் மிகவும் அடிக்கடி வருவனவற்றுள் இது ஒன்று.

இதே சிக்கலுக்கு மறுபக்கமும் உண்டு. கடந்த காலத்தில் தொடங்கி இன்றும் நீடிக்கும் நிலையை டச்சு வெறும் நிகழ்காலத்தில் சொல்கிறது. 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பது 'இக் வோன் ஹீர் அல் டீன் யார்'. அப்படியே பெயர்த்தால் 'ஐ லிவ் ஹியர் ஆல்ரெடி டென் இயர்ஸ்' ஆகிறது. ஆங்கிலம் இங்குதான் பெர்ஃபெக்ட் வடிவத்தை வேண்டுகிறது: 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'. ஆக, வரக்கூடாத இடத்தில் மாணவர் அந்த வடிவத்தைக் கொண்டுவருகிறார், வர வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறார். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே என்பதைப் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. இரண்டையும் தனித்தனிப் பாடமாக்கும்போது, ஒன்றில் திருந்திய மாணவர் மற்றதில் மேலும் குழம்புகிறார்.

டச்சில் பெர்ஃபெக்ட் வடிவத்துக்கு இரண்டு துணைவினைகள். வருதல், போதல், ஆதல் போன்ற வினைகள் 'ஹெபன்' என்பதை விட்டு, 'இரு' என்னும் பொருளுள்ள 'ஸெய்ன்' வினையை எடுத்துக்கொள்ளும். 'அவன் வந்துவிட்டான்' என்பது 'ஹெய் இஸ் ஹெகோமன்'. இதனால் தொடக்கநிலையில் 'ஹி இஸ் கம்' என்ற வாக்கியம் கேட்கும். இது எளிதில் திருந்துகிறது. ஆனால் இதே 'ஸெய்ன்' செயப்பாட்டு வினைக்குள் நுழையும்போது கண்டுபிடிக்கவே கடினமான ஒரு பிழை உருவாகிறது. 'அந்த வீடு 1900இல் கட்டப்பட்டது' என்பதை டச்சில் 'ஹெட் ஹாய்ஸ் இஸ் இன் 1900 ஹெபௌட்' என்று சொல்லலாம். இங்கே 'இஸ்' நிகழ்காலம் அன்று. முடிவுற்ற செயப்பாட்டு வினையின் துணை. நடந்துகொண்டிருக்கும் செயப்பாட்டுக்கு 'வோர்டன்' என்ற வேறு துணைவினை இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் 'பி' வினை ஒன்றே. காலத்தை அதன் வடிவமே காட்ட வேண்டும். டச்சு 'இஸ்' ஆங்கில 'இஸ்' போலவே இருப்பதால் 'த ஹவுஸ் இஸ் பில்ட் இன் 1900' என எழுதிவிடுகிறார்கள். வர வேண்டியது 'வாஸ் பில்ட்'. ஆய்வேடுகளின் முறையியல் பகுதிகளில் 'த டேட்டா இஸ் கலெக்டட் இன் 2015' போன்ற வாக்கியங்கள் வருவதற்குக் காரணம் இதுவே. எழுதியவருக்கும் அவருடைய டச்சுப் பேராசிரியருக்கும் அது பிழையாகத் தெரிவதில்லை, ஏனெனில் இருவர் காதிலும் அந்த 'இஸ்' இறந்தகாலமாகவே ஒலிக்கிறது. செயப்படுபொருள் குன்றிய வினையையும் டச்சு செயப்பாட்டாக்கும்: 'எர் வோர்ட் ஹெடன்ஸ்ட்', அதாவது ஆட்டம் நடக்கிறது, ஆடுவது யாரென்று சொல்லவில்லை. 'தேர் இஸ் டான்ஸ்ட்' என்று இதை ஆங்கிலமாக்க முடியாது. 'பீப்பிள் ஆர் டான்சிங்' என எழுவாய் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தொடர்வினையிலும் இதே கதை. 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு டச்சில் 'இக் பென் ஆன் ஹெட் லேஸன்' என்ற அமைப்பு உண்டு. உட்கார், நில், படு, நட என்னும் வினைகளைத் துணையாக வைத்து 'இக் ஸிட் டெ லேஸன்', அதாவது 'உட்கார்ந்து படிக்கிறேன்', என்றும் சொல்வார்கள். ஆனால் இவை விருப்பத் தேர்வுகள். 'இக் லேஸ்' என்று மட்டும் சொன்னாலும் போதும். ஆங்கிலத்தில் தேர்வு இல்லை. இந்த நொடியில் நடக்கும் செயலைத் தொடர்வினையால்தான் சொல்ல வேண்டும், வழக்கமான செயலை எளிய நிகழ்காலத்தால். இதைப் புதிதாகக் கற்ற மாணவர் தொடர்வினையை அளவுக்கு மீறி இறைக்கிறார்: 'ஐ ஆம் லிவிங் இன் உட்ரெக்ட் சின்ஸ் 2010' என்ற வாக்கியத்தில் தொடர்வினை மிகுந்திருக்கிறது, பெர்ஃபெக்ட் விடுபட்டிருக்கிறது.

எதிர்காலத்தைச் சொல்ல டச்சுக்கு நிகழ்காலமே போதும். 'நாளைக்குக் கூப்பிடுகிறேன்' என்று தமிழில் சொல்வதைப் போலவேதான். ஆங்கிலத்தில் அந்த இடத்திலேயே தரும் வாக்குறுதிக்கு 'வில்' தேவை என்பதால் 'ஐ கால் யூ டுமாரோ' குறைபட்டு நிற்கிறது. அந்த 'வில்' டச்சிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அதன் பொருள் 'விரும்புகிறேன்'. துணைவினைகளில் மேலும் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. டச்சில் அவை முதன்மை வினை இல்லாமலே நிற்கும்: 'இக் மூட் நார் ஹாய்ஸ்' என்றால் 'நான் வீட்டுக்குப் போக வேண்டும்', 'போ' என்ற வினை வாக்கியத்தில் இல்லை. 'ஐ மஸ்ட் டு ஹோம்' அதன் நிழல். மற்றொன்று பொருளையே திருப்பிவிடக் கூடியது. பெல்ஜிய டச்சில் 'மூட் நீட்' என்றால் 'தேவையில்லை' என்ற பொருள் பரவலாக உண்டு. நெதர்லாந்தில் அதற்கு 'ஹூவன்' என்ற வேறு வினையைப் பயன்படுத்துவர். ஃபிளாண்டர்ஸ் மாணவர் 'யூ மஸ்ட்ன்ட் கம்' என்று சொன்னால், 'நீ வர வேண்டியதில்லை' என்பது அவர் நினைப்பு. கேட்கும் ஆங்கிலேயருக்கு அது 'நீ வரக் கூடாது'.

'அல்ஸ்' என்ற ஒற்றை இணைப்புச்சொல் ஆங்கிலத்தின் 'இஃப்', 'வென்', 'ஆஸ்' மூன்றின் வேலையையும் செய்கிறது. பேச்சு வழக்கில் ஒப்பீட்டுக்கான 'தேன்' இடத்தையும் பலர் அதற்கே தருகிறார்கள். 'வீட்டுக்கு வந்ததும் சமைப்பேன்' என்று சொல்ல நினைப்பவர் 'இஃப் ஐ கம் ஹோம்' என்கிறார். வீடு திரும்புவதே சந்தேகம் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. நிபந்தனை வாக்கியங்களில் இதைவிட நுட்பமான ஒன்று நடக்கிறது. 'மழை பெய்தால் கச்சேரியை நிறுத்திவிடுவார்கள்' என்ற கற்பனை நிலையைச் சொல்ல ஆங்கிலம் 'இஃப்' பகுதியில் இறந்தகால வடிவத்தையும் மறுபகுதியில் 'வுட்' என்பதையும் வைக்கும். டச்சில் இரண்டு பகுதியிலும் 'ஸௌ' வரலாம். நைமேகன் பல்கலைக்கழக மொழியியலாளர் எரிக் கெலர்மன் 1980களில் கவனப்படுத்திய செய்தி இது: 'இஃப் இட் வுட் ரெயின்' என்ற பிழை தொடக்கநிலை மாணவரிடம் காணப்படுவதைவிட மேல்நிலை மாணவரிடமே கூடுதலாக வருகிறது. சிறுவயதில் சரியாக எழுதியவர்களே, கற்பனை நிலையைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்ற உணர்வு வந்த பின் தவறு செய்கிறார்கள். கற்றல் எப்போதும் மேல்நோக்கிய கோடாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கெலர்மன் 1970களின் இறுதியில் செய்த மற்றோர் ஆய்வு இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. உடைதல், உடைத்தல் இரண்டையும் குறிக்கும் 'ப்ரேகன்' என்ற டச்சு வினை வரும் பல வாக்கியங்களைக் கொடுத்து, எவற்றை ஆங்கிலத்தில் 'பிரேக்' என்று பெயர்க்கலாம் என்று மாணவர்களைக் கேட்டார். கால் உடைந்தது போன்ற அடிப்படைப் பொருளில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். வேலைநிறுத்தத்தை உடைத்தல் போன்ற விரிந்த பொருள்களில் தயங்கினார்கள். உண்மையில் அந்த எல்லா இடங்களிலும் ஆங்கிலத்துக்கும் அதே வினைதான். தாய்மொழிக்கே உரியது என்று மாணவர் கருதும் ஒன்றை, அது சரியாக இருந்தும், அயல்மொழிக்குக் கொண்டுபோக அஞ்சுகிறார். தாய்மொழி வேறுபடும் இடங்களிலெல்லாம் பிழை வரும் என்று 1957இல் ராபர்ட் லாடோ முன்வைத்த ஒப்பீட்டுக் கொள்கையால் இந்தத் தயக்கத்தை விளக்க முடியாது. எது எதைப் போன்றது என்று மாணவர் எடைபோடுவதும் கணக்கில் வந்தாக வேண்டும்.

பெயர்ச்சொற்களின் பக்கம் சிக்கல் குறைவு, ஆனால் இடங்கள் அதிகம். டச்சில் 'டெ', 'ஹெட்' என இரண்டு சுட்டுகள். அவற்றை ஒரே 'த' ஆக்குவது எளிது. எங்கே அதை விடுவது என்பதுதான் கடினம். பொதுக் கருத்துப் பெயர்களுக்கு முன் டச்சு பெரும்பாலும் சுட்டு சேர்க்கும். ஆகவே 'த லைஃப் இஸ் ஹார்ட்', 'த நேச்சர்', 'த சொசைட்டி'. தொழிலைச் சொல்லும்போதோ எதையும் சேர்க்காது. ஆகவே 'ஷி இஸ் டீச்சர்'. பொருள்களுக்கும் இலக்கணப் பால் உண்டு என்பதால் மிதிவண்டியையும் மேசையையும் 'ஹெய்' என்று ஆண்பாலில் சுட்டுவார்கள். 'வேர் இஸ் மை பைக்? ஹி ஸ்டாண்ட்ஸ் அவுட்சைட்' என்ற பதிலில் பால் மட்டுமல்ல, வினையும் டச்சு: பொருள்கள் வெறுமனே இருப்பதில்லை, நிற்கும், கிடக்கும், உட்காரும், தொங்கும்.

எண்ணுப்பெயருக்குப் பின் ஆண்டு, கிலோ, யூரோ ஆகியவை டச்சில் ஒருமையிலேயே நிற்கும் ('டீன் யார்'); 'டென் இயர்' என்பது அதன் விளைவு. கால்சட்டை, கண்ணாடி, கத்தரிக்கோல் மூன்றும் டச்சில் ஒருமை, ஆங்கிலத்தில் பன்மை. அறிவுரை டச்சில் பன்மை ஏற்கும் சொல் என்பதால் 'அட்வைசஸ்' வருகிறது. எழுத்திலும் ஒரு குறிப்பு: 'ஃபோட்டோ', 'ஆட்டோ' போன்ற உயிரீற்றுச் சொற்களின் பன்மைக்கு டச்சு முறைப்படியே ஒற்றை மேற்கோற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) இட்டு 'எஸ்' எழுதும். டச்சுக்காரரின் ஆங்கிலப் பன்மைகளில் அந்தக் குறி தென்பட்டால், சொந்த எழுத்துமுறையின் விதியை அவர் பின்பற்றியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும், கவனக்குறைவு என்று அல்ல.

பெயரடைக்கும் வினையடைக்கும் டச்சில் வடிவ வேறுபாடு இல்லை. 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்' என்பதில் 'லி' விகுதி விடுபடுவது அதனால். உயர்திணையோ அஃறிணையோ பார்க்காமல் சொல்லின் இலக்கணப் பாலைப் பார்த்தே 'டீ', 'டட்' என்ற இணைப்பு வருவதால், 'ஹூ', 'விச்' இரண்டும் இடம் மாறுகின்றன. 'அலஸ் வட்' என்பதிலிருந்து 'ஆல் வாட் ஐ நோ' வருகிறது. 'நீ வர வேண்டும் என விரும்புகிறேன்' என்பது டச்சில் முழுத் துணை வாக்கியம். அதைப் பெயர்த்தால் கிடைப்பது 'ஐ வான்ட் தட் யூ கம்'. முன்னிடைச் சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: திருமணம் 'வித்' அன்று 'டு', ரயில் 'வித்' அன்று 'பை'.

இலக்கணநூல்கள் ஓரத்தில் தள்ளிவிடும் ஒரு பகுதிக்கு உரிய இடம் தர வேண்டும். டச்சுப் பேச்சில் 'ஏவன்', 'மார்', 'டோஹ்', 'ஹோர்' முதலிய சிற்றிடைச்சொற்கள் நிறைய. தனித்த பொருள் குறைவு, வேலை பெரிது. 'டூ ஹெட் ராம் ஏவன் ஓபன்' என்றால் 'ஜன்னலைக் கொஞ்சம் திறயேன்' என்ற குழைவு இருக்கும். அந்தக் குழைவை 'ஏவன்' தனியாகச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான சிறுசொல் இல்லாததால் மாணவர் அதை விட்டுவிட்டு 'ஓபன் த விண்டோ' என்கிறார். இலக்கணம் சரி, ஆனால் காதில் விழுவது கட்டளை. ஆங்கிலம் அந்தப் பணிவைக் 'குட் யூ' போன்ற கேள்வி வடிவத்தால் காட்டுகிறது. டச்சுக்காரர் முகத்துக்கு நேரே பேசுபவர் என்ற பெயரில் ஒரு பங்கு இந்த இடைச்சொற்களின் இழப்பால் வந்தது. பண்பைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடும் இலக்கணப் பிழை இது என்பதால், 'டூ' பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குத் தருவது நியாயம்.

கற்பவரின் பிழைகள் ஒழுங்கற்ற தவறுகள் அல்ல, உள்ளே இயங்கும் ஒரு விதிமுறையின் தடங்கள் என்று 1967இல் எஸ். பிட் கார்டர் வாதிட்டார். லாரி செலிங்கர் 1972இல் அந்த விதிமுறைக்கு இடைமொழி எனப் பெயரிட்டு, அதன் சில பகுதிகள் திருந்தாமல் இறுகிப்போவதையும் சுட்டினார். டச்சுக்காரரின் ஆங்கிலத்தில் அப்படி இறுகுபவை, பேச்சில் பொருள் கெடாத பிழைகளே. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது, எவரும் திருத்துவதில்லை, எனவே அது நிலைத்துவிடுகிறது. நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புகளின் பெரும்பகுதி ஆங்கிலவழி. அங்கே வாக்கியம் புரிந்தால் மட்டும் போதாது. ஓர் ஆய்வு எப்போது நடந்தது, அதன் முடிவு இன்றும் செல்லுமா என்பதைச் சொல்வது வினைவடிவமே. பள்ளியின் கடைசி ஆண்டுகளிலும் பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலும் ஆங்கில இலக்கணத்துக்கு ஒதுக்கும் நேரம் முதலில் பெர்ஃபெக்ட் வடிவத்துக்கும் செயப்பாட்டு வினைக்கும்தான் போக வேண்டும்.